சமரச ஒப்பந்தம் மீறப்பட்டால்: சட்டம் எதை நிறைவேற்றித் தரும், எதைத் தராது

ஒரு பிணக்கில் இரு தரப்பினரும் பேசி முடிவுக்கு வந்து, அதை எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால் விவகாரம் அத்துடன் தீர்ந்தது என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. ஒப்பந்தச் சட்டம் அதை அப்படிப் பார்ப்பதில்லை. பழைய உரிமைக்கோரல் ஒன்றை முடித்துவைத்து, அதன் இடத்தில் புதிய கடமை ஒன்றை நிறுத்தும் ஏற்பாடுதான் சமரச ஒப்பந்தம். அந்தப் புதிய கடமையும் மீறப்படக்கூடியதே. கட்டட வேலைக்கு நூறு பங்கு பாக்கி கேட்ட ஒப்பந்ததாரர் ஒருவர் அறுபதுக்கு இறங்கிவந்து, அதையும் மூன்று சம தவணைகளில் பெற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறார். முதல் தவணை வருகிறது, இரண்டாவது வரவில்லை. இப்போது அவர் சமரசப்படி மீதமுள்ள நாற்பதைத்தான் கேட்க முடியுமா, அல்லது பழைய நூறில் பெற்றது போக எண்பதையும் கேட்கலாமா? அதற்குப் புதிய வழக்குத் தொடுக்க வேண்டுமா, நேரே நிறைவேற்றல் மனு தாக்கல் செய்யலாமா? எதிர்த்தரப்பு "அந்தக் கையெழுத்தே மிரட்டி வாங்கியது" என்று சொன்னால் என்ன ஆகும்? இவற்றுக்கான விடை பெரும்பாலும் சமரசம் எழுதப்பட்ட நாளிலேயே, யாரும் அதிகம் கவனிக்காத ஓரிரு வரிகளில் முடிவாகிவிடுகிறது.

ஆங்கிலப் பொதுச் சட்ட மரபிலும், அதிலிருந்து கிளைத்துத் தனி வழி கண்ட இந்தியச் சட்டத்திலும் இந்தக் கேள்விகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. பிற நாட்டுச் சட்டங்களையும் தேவையான இடத்தில் தொட்டுக்காட்டுவது இந்தக் கட்டுரையின் நோக்கம்.

மறுபயன் எங்கே இருக்கிறது?

எந்த ஒப்பந்தத்துக்கும் மறுபயன், அதாவது வாக்குறுதிக்குப் பதிலாக மற்றவர் தரும் ஏதேனும் ஒன்று, வேண்டும் என்பது பொதுச் சட்டத்தின் அடிப்படை விதி. சமரசத்தில் பணம் கொடுப்பவர் தருவது கண்ணுக்குத் தெரிகிறது. பெறுபவர் பதிலுக்கு எதைத் தருகிறார்? தம் வழக்கைத் தொடராமல் விடுகிறார், அதுவே மறுபயன் என்பது சட்டத்தின் பதில். அப்படியானால் அவருடைய வழக்கு தோற்கக்கூடிய வழக்காக இருந்திருந்தால்? இல்லாத உரிமையை விட்டுக்கொடுப்பது எப்படி மறுபயனாகும்?

1861-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான குக் எதிர் ரைட் வழக்கு இதை நேரடியாகச் சந்தித்தது. உள்ளூர்ச் சட்டம் ஒன்றின்கீழ் தெருப்பணிச் செலவை வசூலிக்க வந்தவர்கள், வெளியூரில் இருந்த சொத்துரிமையாளரின் முகவரிடம் பணம் கேட்டார்கள். தாம் பொறுப்பாளி அல்லர் என்று அவர் மறுத்தார். வழக்குத் தொடுப்போம் என்று அவர்கள் சொன்னதும் இறங்கிவந்து மூன்று கடனுறுதிச் சீட்டுகளை எழுதிக் கொடுத்தார். முதல் சீட்டுக்குப் பணம் கட்டிய பிறகு, சட்டப்படி தமக்கு உண்மையிலேயே பொறுப்பில்லை என்று தெரிந்துகொண்டு மற்ற இரண்டுக்கும் கட்ட மறுத்தார். அவர் கட்டியே ஆக வேண்டும் என்றது நீதிமன்றம். கேட்டவர்கள் தம் கோரிக்கை நியாயமானது என்று மெய்யாக நம்பினார்கள், அந்த நம்பிக்கையோடு வழக்கைக் கைவிட்டார்கள், அது போதும். 1870-இல் காலிஷர் எதிர் பிஷோஃப்ஷைம் வழக்கிலும் இதே நெறிதான். ஹோண்டுராஸ் அரசாங்கம் தமக்குப் பணம் தர வேண்டும் என்று ஒருவர் கோரினார். அவர் வழக்குத் தொடராமல் இருப்பதற்காகக் கடன் பத்திரங்கள் தருவதாக எதிர்த்தரப்பினர் ஒப்புக்கொண்டார்கள். அப்படி ஒரு பாக்கியே கிடையாது என்று பின்னர் அவர்கள் எடுத்துவைத்த வாதம் எடுபடவில்லை.

இதன் எல்லையும் பழையதுதான். தம் கோரிக்கை பொய் என்று தெரிந்தே ஒருவர் வழக்கைக் காட்டிப் பயமுறுத்திப் பெற்ற வாக்குறுதிக்கு மறுபயன் இல்லை என்று 1846-ஆம் ஆண்டின் வேட் எதிர் சிமியன் வழக்கு சொல்லிவிட்டது. ஆக, சட்டம் எடைபோடுவது கோரிக்கையின் பலத்தை அல்ல, கோரியவரின் நேர்மையை. இது நடைமுறைக்கு மிகவும் உகந்த விதி என்பது என் கருத்து. வழக்கு வெல்லுமா என்று ஆராய்ந்துதான் சமரசம் செல்லுமா என்று சொல்ல முடியும் என்றால், சமரசம் செய்து தவிர்த்த அதே விசாரணையைச் சமரசத்தை நிலைநாட்டுவதற்காக நடத்த வேண்டியதாகிவிடும்.

தொகையில் பிணக்கே இல்லாத கடனைக் குறைத்துக்கொள்வது வேறு கதை. 1602-இல் பின்னெல் வழக்கில் வகுக்கப்பட்ட விதிப்படி, முழுக் கடனுக்குப் பதிலாக அதைவிடக் குறைந்த தொகையை உரிய நாளில் கொடுப்பது கடனைத் தீர்க்காது. ஒரு குதிரையையோ வல்லூறையோ மேலங்கியையோ கொடுத்தால் தீர்க்கும். பணத்துக்குப் பதில் பணம் என்றால் குறைவு வெளிப்படை, பொருளின் மதிப்பை நீதிமன்றம் எடைபோடாது என்பதே காரணம். 1884-இல் ஃபோக்ஸ் எதிர் பீர் வழக்கில், அன்று இங்கிலாந்தின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை இதை உறுதிசெய்தது. 2,090 பவுண்டு 19 ஷில்லிங் தீர்ப்புக் கடனில் 500 பவுண்டை உடனேயும் மீதியைத் தவணைகளிலும் கட்டினால் மேல் நடவடிக்கை எடுப்பதில்லை என்று கடன் கொடுத்தவர் எழுதிக் கொடுத்திருந்தார். கடன்பட்டவர் அப்படியே கட்டி முடித்தார். ஆனாலும் வட்டியைக் கேட்கக் கடன் கொடுத்தவருக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பானது. கடன் பிறகு முழுதாக வருமோ வராதோ என்ற நிலையில் கையில் கிடைக்கும் பாதி கூடுதல் பயன் தரும் என்பது வணிகர்கள் அன்றாடம் அறிந்த உண்மை என்று பிளாக்பர்ன் பிரபு அந்த வழக்கிலேயே தயக்கம் தெரிவித்தார். இருந்தும் மாறுபட்ட தீர்ப்பு எழுதவில்லை. இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் 2018-இல் இதை மறுபரிசீலனை செய்யக் கிடைத்த வாய்ப்பையும் பயன்படுத்தாமல் விட்டுவிட்டது.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-லேயே இந்தச் சிக்கலை ஒரே வெட்டில் அறுத்தது. வாக்குறுதி பெற்றவர் அதன் நிறைவேற்றத்தை முழுதாகவோ பகுதியாகவோ தள்ளுபடி செய்யலாம், அதற்குப் பதிலாகத் தமக்குத் தகுமென்று தோன்றும் எதையும் ஏற்கலாம் என்கிறது 63-ஆம் பிரிவு. அதன் விளக்க எடுத்துக்காட்டு பின்னெல் விதியை மறுப்பதற்கென்றே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது: 5,000 ரூபாய் கடன், அதே இடம், அதே நேரம், 2,000 ரூபாய் கொடுக்கப்பட்டு முழுக் கடனுக்கும் ஈடாக ஏற்கப்படுகிறது, கடன் தீர்ந்தது. புதிய மறுபயன் எதுவும் தேவையில்லை. ஒரே பொதுச் சட்டக் குடும்பத்தைச் சேர்ந்த இரு நாடுகளில் ஒரே தாள் ஓரிடத்தில் செல்லும், மற்றோரிடத்தில் செல்லாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. எல்லை கடந்த கடன்களில் சமரசம் எழுதுவோர் எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்ற வரியை விட்டுவிடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

பேச்சு எப்போது ஒப்பந்தமாகிறது?

சமரசங்கள் பெரும்பாலும் அவசரத்தில் பிறக்கின்றன. விசாரணை நாளன்று காலையில், நீதிமன்ற வராந்தாவில், வழக்கறிஞர்களுக்கு இடையே போகும் மின்னஞ்சலில் தொகை முடிவாகிறது. "விரிவான ஒப்பந்தம் பின்னர் தயாரிக்கப்படும்" என்று ஒரு வரி சேர்க்கப்படுகிறது. பிறகு ஒருவர் மனம் மாறுகிறார். அந்த மின்னஞ்சல் கட்டுப்படுத்துமா?

1954-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மாஸ்டர்ஸ் எதிர் கேமரன் வழக்கில் தந்த பகுப்பு இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. எல்லாம் முடிவாகி உடனே கட்டுப்பட விரும்பி, அதையே முறையான வடிவில் எழுத மட்டும் எண்ணுவது ஒரு நிலை. முடிவாகிவிட்டது, ஆனால் ஒரு குறிப்பிட்ட கடமையின் நிறைவேற்றம் மட்டும் முறையான ஆவணம் வரும்வரை நிற்கும் என்பது இன்னொன்று. முறையான ஆவணத்தில் கையெழுத்திடும்வரை யாரும் கட்டுப்பட எண்ணவில்லை என்பது மூன்றாவது. முதல் இரண்டும் ஒப்பந்தங்கள், மூன்றாவது அல்ல. எது எந்த வகை என்பதைச் சொற்களிலிருந்தும் சூழலிலிருந்தும் நீதிமன்றம் கண்டறியும். "ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு உட்பட்டது" என்ற தலைப்போடு தொடங்கிய சமரசப் பேச்சு, தொகையில் இரு தரப்பும் ஒத்துப்போன பின்னரும் அந்தக் குறிப்பின் குடையை விட்டு வெளியே வந்துவிடாது என்று 2020-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜோன் பிராபர்ட்டீஸ் நிறுவன வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தக் குறிப்பை வெளிப்படையாகவோ தவிர்க்க முடியாத உய்த்துணர்வாலோ நீக்கினால் தவிர, ஒப்பந்தம் பிறக்காது.

"பாதகமின்றி" நடந்த பேச்சுகளை, அதாவது பின்னர் தமக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு நடந்த சமரசப் பேச்சுகளை, நீதிமன்றத்தில் காட்ட முடியாதே என்று ஒரு தயக்கம் எழும். சமரசம் முடிவாகாவிட்டால்தான் அந்தப் பாதுகாப்பு நிலைக்கும்; முடிவானதா இல்லையா என்பதே பிணக்கு என்றால் அதை நிறுவுவதற்கு அந்தக் கடிதங்களைக் காட்டலாம். முடிவான சமரசத்துக்குப் பொருள் காண்பதற்கும் அவற்றைப் பார்க்கலாம் என்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் 2010-இல் ஒரு படி மேலே போனது.

கையெழுத்திட்டவர் யார் என்பதும் அடிக்கடி பிணக்காகிறது. நிலுவையில் உள்ள வழக்கில் செய்யப்படும் சமரசம் எழுத்தில் இருந்து, தரப்பினர் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்று இந்தியாவின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், கட்டளை 23 விதி 3-இல், 1976 திருத்தம் சேர்த்தது. வழக்கறிஞர் இட்ட கையெழுத்து தரப்பினரின் கையெழுத்தாகுமா? உரிய அதிகாரம் பெற்ற வழக்கறிஞர் இடலாம் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் கட்சிக்காரரின் அறிவுறுத்தல் இன்றி அவருடைய உரிமையை விட்டுக்கொடுக்க வழக்கறிஞருக்கு உரிமையில்லை என்பதைப் பிற்காலத் தீர்ப்புகள் வலியுறுத்தியுள்ளன. கட்சிக்காரர் கூடத்திலேயே இருக்கும்போது அவரிடம் ஒரு கையெழுத்து வாங்க மறந்துவிட்டு, பத்தாண்டு கழித்து அதிகாரம் இருந்ததா என்று வாதாடுவது வீண் செலவு.

பழைய கோரிக்கை எந்த நொடியில் மறைகிறது?

முதலில் சொன்ன கட்டட ஒப்பந்ததாரருக்கு இனி வரலாம். அவருடைய சமரசத்தை இரு விதமாகப் படிக்க முடியும். "அறுபது தருகிறேன் என்ற உன் வாக்குறுதியையே என் கோரிக்கைக்கு ஈடாக ஏற்கிறேன்" என்று அவர் சொன்னதாகக் கொண்டால், கையெழுத்தான அந்த நொடியிலேயே நூறு மறைந்துவிட்டது. தவணை தவறினாலும் அறுபதில் மீதியை மட்டுமே கேட்கலாம். "அறுபது முழுதும் கைக்கு வந்த பிறகே கணக்குத் தீரும்" என்று சொன்னதாகக் கொண்டால், நூறு உயிரோடுதான் இருக்கிறது; தவணைக்காலத்தில் அது தூங்குகிறது, தவறியதும் விழித்துக்கொள்கிறது. வாக்குறுதியே தீர்வா, வாக்குறுதியின் நிறைவேற்றமே தீர்வா என்ற இந்த வேறுபாட்டை ஆங்கில நீதிமன்றங்கள் 1933-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் ரஷ்யன் கெஜட் வழக்கில் விரிவாக ஆராய்ந்தன. ஆவணத்தின் சொற்களே விடையைத் தீர்மானிக்கும். "முழுமையான இறுதித் தீர்வாக இன்று ஏற்கப்படுகிறது" என்று எழுதினால் முதல் வகை. "மேற்படி தொகை முழுதும் செலுத்தப்பட்டதும்" என்று தொடங்கினால் இரண்டாம் வகை. ஒரு வினையெச்சம் நாற்பது பங்கைக் காப்பாற்றுகிறது.

இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 62-ஆம் பிரிவும் குறுக்கே வரும்: பழைய ஒப்பந்தத்துக்குப் பதிலாகப் புதியது செய்துகொண்டால் பழையதை நிறைவேற்ற வேண்டியதில்லை. அப்படி மறையும்போது பழைய ஒப்பந்தத்தின் உள்ளே இருந்தவையும் சேர்ந்து மறையும். 1959-இல் கிஷோரிலால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் முன் வந்தது அதுதான். மூல ஒப்பந்தங்களில், பிணக்கு வந்தால் அதை நடுவர் தீர்ப்புக்கு விடுவதற்கான வாசகம் இருந்தது. அவற்றின் இடத்தில் வந்த சமரச ஒப்பந்தத்தில் அது இல்லை. மூல ஒப்பந்தம் அழிந்தால் நடுவர் வாசகமும் அதனோடு அழிந்தது என்று தீர்ப்பானது. சமரசம் எழுதுவோர் பழைய ஒப்பந்தத்திலிருந்து எதை உயிரோடு வைத்திருக்க விரும்புகிறார்களோ அதைப் பெயர் சொல்லி எழுத வேண்டும்.

காசோலை வழக்குகளில் இதே கேள்வி வேறு வடிவில் எழுந்தது. முதல் காசோலை திரும்பியதால் குற்ற வழக்கு. அதைத் தீர்க்கச் சமரசம். சமரசப்படி கொடுத்த புதிய காசோலையும் திரும்பியது. இரண்டு வழக்குகளையும் ஒருசேர நடத்தலாமா? கூடாது என்றது இந்திய உச்ச நீதிமன்றம், 2021-இன் கிம்பெக்ஸ் நிறுவன வழக்கில். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 147-ஆம் பிரிவு இந்தக் குற்றத்தில் சமரசத்தை அனுமதிக்கிறது. சமரசம் செய்துகொண்டவுடன் பழைய புகார் அதற்குள் அடங்கிவிடுகிறது. மீறினால் புதிய காசோலையின் பேரிலும் சமரசத்தின் பேரிலும் தீர்வு தேட வேண்டும்.

தவறினால் முழுத் தொகையும் தர வேண்டும் என்ற வாசகத்துக்கு எதிராக "இது தண்டத்தொகை, செல்லாது" என்ற வாதம் வழக்கமாக வரும். உண்மையிலேயே நூறு பாக்கி இருந்து, காலத்தோடு கட்டினால் அறுபதுக்கு விடுகிறேன் என்று சொல்லி, தவறியதும் நூறைக் கேட்டால் அது தண்டனையாகாது. சலுகை திரும்பப் பெறப்படுகிறது, அவ்வளவுதான். 1869-இல் தாம்ப்சன் எதிர் ஹட்சன் வழக்கில் பிரபுக்கள் சபை இதை ஏற்றது. ஆனால் பாக்கியே அறுபதுதான், தவறினால் நூறு என்று எழுதினால் நிலைமை மாறுகிறது: இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு நூறு வரை நியாயமான இழப்பீட்டை மட்டுமே அனுமதிக்கும். ஆகவே சமரச ஆவணத்தின் முகவுரையில் மொத்தப் பாக்கி இன்னது என்று கடன்பட்டவர் ஒப்புக்கொள்ளும் வரி அலங்காரத்துக்காக எழுதப்படுவதல்ல. கடன்பட்டவரின் வழக்கறிஞர் அந்த வரியைத்தான் முதலில் அடிப்பார் என்பதே அதன் மதிப்பைச் சொல்லும்.

ஏமாற்றியும் நெருக்கியும் பெற்ற கையெழுத்து

வற்புறுத்தல், தகாச் செல்வாக்கு, மோசடி, தவறாக எடுத்துரைத்தல், பிழை ஆகியவை மற்ற ஒப்பந்தங்களை அசைப்பதுபோலவே சமரசத்தையும் அசைக்கும். சமரசத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு: எதிரி சொல்வதை முழுதாக நம்பாமல்தான் யாரும் சமரசம் செய்கிறார்கள். நம்பாதவர் ஏமாந்தேன் என்று சொல்ல முடியுமா?

இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் 2016-இல் சூரிச் காப்பீட்டு நிறுவன வழக்கில் இதைத் தீர்த்தது. 1998-இல் வேலையிடத்தில் முதுகில் அடிபட்ட தொழிலாளி ஒருவர் நான்கு லட்சம் பவுண்டுக்கு மேல் இழப்பீடு கேட்டார். அவர் மிகைப்படுத்துகிறார் என்ற சந்தேகம் காப்பீட்டாளருக்கு இருந்தது. மறைமுகமாக எடுத்த படப்பதிவும் கையில் இருந்தது. ஆனால் நீதிபதி அவரை நம்பிவிடக்கூடும் என்று கணக்கிட்டு, 2003-இல் சுமார் 1,35,000 பவுண்டுக்குச் சமரசம் செய்தார்கள். பிறகு அவருடைய அண்டை வீட்டார், அவர் எப்போதோ குணமாகிவிட்டார் என்று தகவல் சொன்னார்கள். சந்தேகப்பட்டதாலேயே மோசடி என்ற வாதத்தை இழந்துவிட மாட்டார்கள் என்று நீதிமன்றம் கூறி, சமரசத்தை நீக்கியது. பொய் அவர்கள் முடிவை உந்தியதா என்பதே கேள்வி. முழுதாக நம்பினார்களா என்பதல்ல. விசாரணையில் அவருக்கு உரியதாகக் கணக்கிடப்பட்ட தொகை 14,720 பவுண்டு. சமரசங்களின் இறுதித்தன்மை இதனால் குலையும் என்று கவலைப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கவலை மிகையாகத் தோன்றுகிறது. மோசடியை நிறுவும் சுமை கனமானது, அதைச் சுமக்க வல்லவர்கள் சிலரே.

நெருக்கடியின் கதை இன்னும் பழக்கமானது. 1960-களில் இங்கிலாந்தில் டி அண்டு சி பில்டர்ஸ் என்ற சிறு கட்டட நிறுவனத்துக்கு 482 பவுண்டு பாக்கி இருந்தது. நிறுவனம் பணமுடையில் தத்தளிப்பதை அறிந்த கடனாளித் தரப்பு 300 பவுண்டு காசோலையை நீட்டி, இதை முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டால் வாங்கிக்கொள், இல்லையென்றால் ஒன்றும் கிடையாது என்றது. நிறுவனத்தார் அப்படியே ரசீது எழுதிக் கொடுத்தார்கள். பிறகு மீதிக்கு வழக்குப் போட்டு வென்றார்கள்.

இந்தியாவில் காப்பீட்டு இழப்பீட்டிலும் அரசுத் துறை ஒப்பந்தங்களிலும் "முழுமையான இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அச்சிட்ட விடுவிப்புச் சீட்டில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் காசோலையைத் தரும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. பல இடங்களில் அந்தச் சீட்டில் தேதி, தொகை இரண்டுமே காலியாக இருக்கும். 2008-இல் போகரா பாலிஃபேப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கத்தை நேருக்கு நேர் பார்த்தது. சீட்டில் கையெழுத்து இருக்கிறது என்பதாலேயே எல்லாம் முடிந்துவிடவில்லை. பொருளாதார நெருக்கடியைப் பயன்படுத்தி, ஒப்புக்கொண்ட பாக்கியையே பிணையாகப் பிடித்து வைத்து வாங்கிய கையெழுத்தாயின் அந்த விடுவிப்பு செல்லாது. அதேசமயம், பேரம் பேசி, விருப்பத்தோடு குறைவாக ஏற்றுப் பணத்தையும் பெற்றுக்கொண்ட பிறகு, சில மாதம் கழித்து நெருக்கடி என்று சொல்வோருக்கு இந்தத் தீர்ப்பு உதவாது. எதிர்ப்பை எழுத்தில், உடனே தெரிவித்தாரா என்பதே பெரும்பாலான வழக்குகளில் துலாக்கோலைச் சாய்க்கிறது.

பிழையைப் பொறுத்தவரை சட்டம் கடுமையானது. தெரியாததைத் தெரியாமலேயே விட்டுவிட்டு முடிப்பதுதான் சமரசம். அந்த இடர்ப்பாட்டை இருவரும் தெரிந்தே ஏற்கிறார்கள். சமரசத்துக்கு அடிப்படையாக இருந்த சட்ட நிலை பின்னொரு தீர்ப்பால் மாறியதைக் காட்டி அதை உடைக்க முயன்றவர்கள் 2004-இல் இங்கிலாந்தில் தோற்றார்கள். சமரசத்தில் பேசப்படாமல் இருவரும் மறுக்க முடியாத உண்மையென எடுத்துக்கொண்ட ஒன்று பொய்யாகப் போனால் மட்டும் வழி திறக்கிறது: ஆலையின் தறிகள் தரையோடு பிணைக்கப்பட்டவை அல்ல என்ற பொதுவான தவறான நம்பிக்கையில் பெறப்பட்ட இசைவு ஆணையை 1895-இல் ஹட்டர்ஸ்ஃபீல்டு வங்கி வழக்கில் நீக்கினார்கள். ஜெர்மன் உரிமையியல் சட்டத் தொகுப்பின் 779-ஆம் பிரிவும் ஏறத்தாழ இதையே எழுதிவைத்திருக்கிறது: உறுதியான அடிப்படையாகக் கொள்ளப்பட்ட நிலைமை உண்மைக்கு மாறாக இருந்து, உண்மை தெரிந்திருந்தால் பிணக்கே எழுந்திராது என்றால் சமரசம் செல்லாது.

விட்டுக்கொடுக்கவே முடியாதவை

சில உரிமைகளைத் தரப்பினர் விரும்பினாலும் தனிப்பட்ட ஒப்பந்தத்தால் முடித்துவிட முடியாது. கொள்ளைக் குற்ற வழக்கைக் கைவிடுகிறேன், பறித்த பொருளின் மதிப்பைத் திருப்பித் தா என்ற உடன்படிக்கை செல்லாது என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவிலேயே உள்ள எடுத்துக்காட்டு. சமரசத்துக்குரியவை எனச் சட்டமே பட்டியலிட்ட குற்றங்களுக்கு இது பொருந்தாது. உரிய வயது நிரம்பாத இளவர் சார்பில் காப்பாளர் செய்யும் சமரசத்துக்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அனுமதியின்றிச் செய்தால், இளவரைத் தவிர மற்ற எல்லாத் தரப்பினருக்கும் எதிராக அது தவிர்க்கத்தக்கதாகும். இங்கிலாந்தில் பணியாளர் தம் சட்டப்படியான உரிமைகளை விட்டுக்கொடுக்கும் சமரசம், 1996-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டப்படி, எழுத்தில் இருக்க வேண்டும், குறிப்பிட்ட புகாரைச் சுட்ட வேண்டும், அவர் சார்பில்லாத ஆலோசகரிடம் ஆலோசனை பெற்றிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கையெழுத்து வீண்.

எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்ததாக எழுதினாலும் எல்லாமும் போய்விடாது. பி.சி.சி.ஐ. வங்கியின் ஆட்குறைப்பில் 1990-இல் வெளியேறிய ஊழியர், இருக்கும், இருக்கக்கூடிய எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன என்று எழுதிக் கொடுத்திருந்தார். அடுத்த ஆண்டு வங்கி மோசடியில் கவிழ்ந்தது. அங்கே வேலை பார்த்தவர் என்ற களங்கத்தால் வேறு வேலை கிடைக்காமல் போனது. அந்த இழப்பை 1990-இல் யாரும் நினைத்தே பார்த்திருக்க முடியாது. ஆகவே அந்தச் சொற்கள் அதைத் தொடாது என்று 2001-இல் பிரபுக்கள் சபை பொருள் கண்டது. கலிஃபோர்னியா இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது: தமக்குத் தெரியாத கோரிக்கைகளுக்குப் பொது விடுவிப்பு நீளாது என்கிறது அதன் உரிமையியல் தொகுப்பின் 1542-ஆம் பிரிவு. அதனால் அங்கே சமரசம் எழுதுவோர் அந்தப் பிரிவை எண் குறிப்பிட்டுக் கைவிடும் வாசகத்தைச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது.

எந்த வடிவில் எழுதுவது?

செல்லுபடியான சமரசம் என்பதும் உடனே நிறைவேற்றத்தக்க சமரசம் என்பதும் ஒன்றல்ல. நீதிமன்றத்துக்கு வெளியே இருவர் கையெழுத்திட்ட தாள் ஒப்பந்தம் மட்டுமே. மீறினால் அதன் பேரில் புதிய வழக்குத் தொடுத்து, தீர்ப்பாணை வாங்கி, பிறகே சொத்தைத் தொட முடியும். இந்தியக் காலவரையறைச் சட்டப்படி அந்த வழக்குக்கு மூன்றாண்டு அவகாசம். அதே சமரசம் கட்டளை 23 விதி 3-இன்கீழ் பதிவாகித் தீர்ப்பாணையானால், பன்னிரண்டு ஆண்டு வரை நேரடியாக நிறைவேற்றல் மனு போடலாம். அந்தத் தீர்ப்பாணைக்கு மேல்முறையீடும் கிடையாது, அதை எதிர்த்துத் தனி வழக்கும் கிடையாது. சமரசமே செல்லாது என்று சொல்ல விரும்புபவர் அதைப் பதிவுசெய்த நீதிமன்றத்திடமே போக வேண்டும் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மக்கள் நீதிமன்றத்தின் முடிவுக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தீர்ப்பாணையின் தகுதி தருகிறது. அதற்கும் மேல்முறையீடு இல்லை, நீதிப்பேராணை வழி மட்டுமே குறுகலாகத் திறந்திருக்கிறது.

நிலம் சம்பந்தப்பட்ட சமரசத்தில் தீர்ப்பாணையும் போதாமல் போகலாம். ஏற்கெனவே இருந்த உரிமையை ஒப்புக்கொள்ளும் சமரசத் தீர்ப்பாணைக்குப் பதிவு வேண்டாம். புதிதாக உரிமையை உண்டாக்கினால் பதிவு வேண்டும் என்பது 1995-இல் பூப் சிங் வழக்கில் வகுத்த கோடு. குடும்பத்துக்குள் வாய்மொழியாக முன்பே முடிந்த பாகப்பிரிவினையை நினைவுக்காக எழுதிவைக்கும் குறிப்புக்குப் பதிவு தேவையில்லை என்று 1976-இலேயே சொல்லப்பட்டிருந்தது. "இன்று பிரித்துக்கொள்கிறோம்" என்பதா, "பிரித்துக்கொண்டோம்" என்பதா என்பதில் ஆவணத்தின் தலைவிதி இருக்கிறது. அதைத் தெரிந்து கொண்டு காலத்தை மாற்றி எழுதும் தந்திரமும் நடக்கிறது. நீதிமன்றங்களும் அதைத் தெரிந்தே வைத்திருக்கின்றன.

இங்கிலாந்தில் 1927-இலிருந்து டாம்லின் நீதிபதியின் பெயரில் வழங்கும் ஆணை இடைநிலையானது. வழக்கு நிறுத்திவைக்கப்படும்; சமரச நிபந்தனைகள் ஓர் இணைப்பில் இருக்கும், பொது ஆணையின் பகுதியாகாது, ஆகவே இரகசியமும் காக்கப்படும். மீறினால் புதிய வழக்கின்றி அதே வழக்கில் மனுச் செய்யலாம். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் இந்த வசதி தானாக வருவதில்லை: வழக்கைத் தள்ளுபடி செய்யும் ஆணையில் சமரசத்தைச் சேர்க்காமலோ அதிகாரத்தைத் தக்கவைத்துக்கொள்ளாமலோ விட்டால், அந்தச் சமரசத்தை நிறைவேற்ற அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று 1994-இல் கொக்கோனன் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவுசெய்தது.

நாட்டெல்லை தாண்டும்போது வடிவத்தின் தேர்வு மேலும் கூர்மையாகிறது. வணிகப் பிணக்கில் சமரசர் வழி எட்டிய எழுத்துச் சமரசத்தைப் பிற நாடுகளில் நேரடியாக நிறைவேற்றுவதற்காக உருவான சிங்கப்பூர் உடன்படிக்கை 2018 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் ஏற்கப்பட்டு, 2019 ஆகஸ்ட் 7 அன்று கையெழுத்துக்குத் திறக்கப்பட்டது. அன்றே இந்தியா உட்பட 46 நாடுகள் கையெழுத்திட்டன. 2020 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. நுகர்வோர், குடும்பம், வாரிசுரிமை, வேலைவாய்ப்புப் பிணக்குகள் அதற்கு வெளியே. நீதிமன்றத் தீர்ப்பாகவோ நடுவர் தீர்ப்பாகவோ பதிவாகி, அந்த முறையிலேயே நிறைவேற்றத்தக்க சமரசங்களும் வெளியேதான். ஆகவே எதிரியின் சொத்து உள்நாட்டில் இருந்தால் தீர்ப்பாணையாக மாற்றிக்கொள்வது நல்லது. சொத்து உடன்படிக்கையை நடைமுறைப்படுத்திய வேறொரு நாட்டில் இருந்தால், அதே பதிவு கையில் இருந்த எளிய வழியை அடைத்துவிடக்கூடும். அங்கே சமரசர் கையெழுத்திட்ட தாளாகவே விட்டுவைப்பதா, நடுவர் முன் சென்று, நடுவர் தீர்ப்புகளைப் பிற நாடுகளில் நிறைவேற்ற உதவும் 1958-ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையின் துணையை நாடுவதா என்பதைத் தொகையைப் பேசுவதற்கு முன்பே, சொத்துகள் இருக்கும் இடங்களைப் பட்டியலிட்டுக்கொண்டு தீர்மானிக்க வேண்டும்.